கருவிழிக்கு வந்து சேர்ந்த வில்லை

மீஞ்சூர் பஜாரில் ஒரு கண்ணாடிக் கடை. அண்ணன் மகளோடு போயிருந்தேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து கண்ணாடி போடுகிறாள். இப்போது வலக்கண்ணுக்கு மைனஸ் ஆறரை, இடக்கண்ணுக்கு மைனஸ் ஆறு, அதோடு சிலிண்டர் பவரும் உண்டு. பள்ளியில் 'சோடாபுட்டி' என்று கூப்பிட்டதை அவள் இன்னும் மறக்கவில்லை. முதல் சம்பளத்தில் கான்டாக்ட் லென்ஸ் வாங்குவதென்று முடிவு செய்து வைத்திருந்தாள்.

கடையில் பவர் பார்க்கும் அம்மா ஆப்டோமெட்ரி படித்தவர். மேஜைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மாதத்துக்கு ஒரு ஜோடி என்று மாற்றும் மென்லென்ஸ். காலையில் போட்டு இரவில் எறிந்துவிடும் தினசரி லென்ஸ். விரல் நகத்தைவிடச் சிறியதாக, தட்டினால் 'டிக்' என்று சத்தம் போடும் கெட்டி லென்ஸ். "இதில்லாம ஸ்கிளீரல்னு பெருசா ஒண்ணு இருக்கு, அதுக்கு மெட்ராஸ் போகணும்" என்றார்.

"எது லேட்டஸ்ட், அக்கா?" என்று கேட்டாள் இவள்.

"லேட்டஸ்ட்ட பார்க்காதம்மா. உன் கண்ணு எப்படி, நீ எங்க வேலை செய்யப் போற, உங்க வீட்டுத் தண்ணி எப்படி, அதப் பாரு."

வீட்டுத் தண்ணீருக்கும் கண்ணில் போடும் லென்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வியோடுதான் இதன் பழங்கதையைத் தேடத் தொடங்கினேன். தண்ணீர் இல்லாமல் இந்தக் கதையே இல்லை என்று தெரிந்தது.

கதையைப் பெரும்பாலும் லியனார்டோ டா வின்சியிடம் தொடங்குவார்கள். 1508-ல் அவர் ஓர் ஓவியம் வரைந்தார்: தண்ணீர் நிரம்பிய கண்ணாடிக் கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்திருக்கும் ஒரு மனிதன். பார்வைக் குறையைத் திருத்துவது அவர் நோக்கமாக இருக்கவில்லை. கண் எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பினார். ஆனாலும் பெரிய உண்மை ஒன்று அதில் இருந்தது. ஒளியை வளைக்கும் நம் கண்ணின் மொத்தச் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறக்குறைய 43 டயாப்டர், கருவிழியின் வளைந்த முகப்பிலிருந்து வருகிறது. அதன் முன்னால் தண்ணீரை நிறுத்தினால் அந்தச் சக்தி அநேகமாகக் காணாமல் போகும். கிணற்றுக்குள் முங்கிக் கண் திறந்தவர்களுக்கு எல்லாமே மங்கலாகத் தெரிவது இதனால்தான்.

1637-ல் ரெனே தெக்கார்த் ஒரு படி மேலே போனார். தண்ணீர் நிரப்பிய குழாயைக் கண்ணோடு ஒட்டவைத்து, மறுமுனையில் வில்லையைப் பொருத்தலாம் என்று எழுதினார். குழாயை வைத்துக்கொண்டு இமைக்க முடியாது என்பதால் யோசனை ஏட்டோடு நின்றது. 1801-ல் லண்டன் மருத்துவர் தாமஸ் யங் அதைச் செய்தே பார்த்துவிட்டார். நுண்ணோக்கியிலிருந்து ஒரு வில்லையைக் கழற்றி, சிறு குழாயில் மெழுகால் ஒட்டி, தண்ணீர் நிரப்பி, தன் கண்மீது வைத்துக்கொண்டார். எகிப்தின் ரொசெட்டா கல்வெட்டைப் படிக்க முயன்றவர்களில் ஒருவரும் இதே யங்தான். தன் கண்ணிலேயே 'சிலிண்டர்' குறை, அதாவது திசைக்குத் திசை பவர் மாறும் குறை, இருப்பதை விவரித்தவரும் அவர். அண்ணன் மகளின் சீட்டில் எழுதியிருந்த அந்தக் குறையின் கதைக்கு இருநூறு வயதுக்கு மேல் ஆகிறது.

யங்குக்கும் அடுத்து வந்தவருக்கும் இடைப்பட்ட காலத்தில் நம் ஊரிலும் ஒரு காரியம் நடந்தது. 1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் கண் மருத்துவமனை ஒன்றைத் தொடங்கியது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்தபடி உலகிலேயே பழமையானது என்று சொல்லப்படும் எழும்பூர் அரசுக் கண் மருத்துவமனை அதுதான். மீஞ்சூரில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் அங்கிருந்து பக்கம். இந்தப் பகுதியில் கண்ணில் இரும்புத்தூள் விழுந்தாலும் சுண்ணாம்பு பட்டாலும் பெரியவர்கள் வாயில் முதலில் வரும் பெயர் இன்றும் 'எக்மோர்'.

அடுத்து வந்தவர் வானியலாளர் ஜான் ஹெர்ஷல். 1820-களின் இறுதியில் ஒளியைப் பற்றி எழுதும்போது போகிற போக்கில் இரண்டு யோசனைகளை வைத்தார். கருவிழியை அச்சு எடுத்து, அதே வடிவில் கண்ணாடி செய்யலாம். அல்லது கண்ணாடிக் கூட்டுக்குள் நிறமற்ற ஜெல்லியை நிரப்பிக் கண்மேல் வைக்கலாம். இரண்டையும் அவர் செய்து பார்க்கவில்லை. முதல் யோசனைக்கு நூறு ஆண்டும் இரண்டாவதற்கு அதைவிடக் கூடுதலாகவும் காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு இரண்டுமே பலித்தன.

உண்மையில் மனிதக் கண்ணில் உட்கார்ந்த முதல் கண்ணாடிக்கும் பார்வைத் திருத்தத்துக்கும் சம்பந்தமில்லை. ஜெர்மனியின் வீஸ்பாடனில் முல்லர் குடும்பத்தார் செயற்கைக் கண் ஊதுபவர்கள். கண் இழந்தவர்களுக்கு, மறு கண்ணின் நிறத்தைப் பார்த்துப் பார்த்து, சூடான கண்ணாடியில் விழி செய்துகொடுப்பது அவர்கள் தொழில். 1887-ல் புற்றுநோயால் இமை அழிந்த ஒருவர் அவர்களிடம் அனுப்பப்பட்டார். இமை இல்லாத கண் காய்ந்தால் பார்வை போய்விடும். அதனால் கருவிழியை மூடும் இடத்தில் மட்டும் தெளிவாக விட்டு, மெல்லிய கண்ணாடி ஓடு ஒன்றை ஊதிக் கொடுத்தார்கள். ஈரம் உள்ளேயே தங்கியது. அந்த மனிதர் சுமார் 20 ஆண்டுகள் அதைப் போட்டிருந்தார், கண்ணும் பிழைத்தது. புத்தகம் எழுதிய அறிவாளிகள் மூன்று நூற்றாண்டுக்கு மேலாகச் செய்யாததைக் கைவினைக்காரர்கள் ஒரு நோயாளியின் அவசரத்துக்காகச் செய்துவிட்டார்கள். கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

மறு ஆண்டே, 1888-ல், சூரிச்சில் அடால்ஃப் ஓய்கன் ஃபிக் என்ற மருத்துவர் 'கான்டாக்ட்ப்ரில்லே', அதாவது தொடுகண்ணாடி, என்று தலைப்பிட்டுக் கட்டுரை வெளியிட்டார். நாம் இன்று சொல்லும் பெயர் அங்கிருந்து வந்தது. முயல்களின் கண்ணை அச்சு எடுத்து, கண்ணாடி ஓடு செய்து, முதலில் முயலுக்கும் பிறகு தனக்கும் அதற்குப் பிறகு நோயாளிகளுக்கும் போட்டுப் பார்த்தார். ஓட்டுக்கும் கண்ணுக்கும் நடுவே திராட்சைச் சர்க்கரைக் கரைசல். ஜெனாவில் எர்ன்ஸ்ட் அப்பே வழியாக ட்ஸைஸ் நிறுவனம் கண்ணாடிகளைச் செய்துகொடுத்தது. சில மணி நேரம் ஆனதும் கருவிழியில் பனி படர்ந்தது போல வெண்மை தோன்றியதை அவர் குறித்து வைத்தார். காரணம் அப்போது யாருக்கும் புரியவில்லை.

காரணத்தின் சாவி அவர் வளர்ந்த வீட்டிலேயே இருந்தது. தந்தை இறந்தபின் அவரை வளர்த்தவர் அதே பெயருள்ள சித்தப்பா, உடலியல் அறிஞர் அடால்ஃப் ஃபிக். ஒரு சவ்வைத் தாண்டி ஒரு பொருள் எவ்வளவு வேகத்தில் பரவும் என்பதற்கு 1855-ல் விதி எழுதியவர் அவர். கருவிழியில் ரத்தக்குழாய் கிடையாது; விழித்திருக்கும்போது அது ஆக்சிஜனைப் பெரும்பாலும் காற்றிலிருந்து நேராக எடுத்துக்கொள்கிறது. கண்ணாடி ஓடு அந்தக் காற்றை அடைத்தது, அதனால் கருவிழி வீங்கி மங்கியது. இன்றைக்கு லென்ஸின் ஊடாக ஆக்சிஜன் எவ்வளவு போகிறது என்று கணக்கிட சித்தப்பாவின் விதியைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அதே 1888-ல் பாரிஸில் யூஜீன் கால்ட் கண்ணாடி ஓட்டைக் கொண்டு கெரட்டோகோனஸை, அதாவது கருவிழி மெலிந்து கூம்பாக முன்னால் பிதுங்கும் நோயை, அழுத்தி நேராக்கப் பார்த்தார். 1889-ல் கீல் பல்கலைக்கழக மாணவர் அவுகுஸ்ட் முல்லர் தன் மைனஸ் பதினான்கு கண்ணுக்கே லென்ஸ் செய்தார். காற்றுக்குமிழி புகாமல் இருக்கத் தண்ணீருக்குள் முகத்தை வைத்து மாட்டினார். வலி தாங்க கோகெய்ன் சொட்டு விட்டுக்கொண்டார். அப்படியும் அரை மணி நேரத்துக்கு மேல் முடியவில்லை. ஆய்வேட்டை முடித்துக் கொடுத்துவிட்டு எலும்பு மருத்துவத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த நாற்பது ஆண்டுகள் சோர்வாகவே போயின. ஹெர்ஷல் சொன்ன அச்சை உயிருள்ள கண்ணிலிருந்து ஒழுங்காக எடுத்துக் காட்டியவர் புடாபெஸ்டின் யோசப் டாலோஷ், 1920-களின் இறுதியில். அவர் பயன்படுத்திய நெகோகால் என்ற பசையின் அடிப்படை அகர்: நம் ஊரில் பெருநாள் விருந்துக்குப் பால் ஊற்றிக் காய்ச்சி, ஆறவைத்து, துண்டு போடுகிறார்களே, அந்தக் கடல்பாசி. இளஞ்சூட்டில் குழைவாக இருக்கும், ஆறினால் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். பலகாரமாகும் குணம் எதுவோ அதுவே கண்ணின் வளைவையும் பிடித்துக் கொடுத்தது.

பிறகு பிளாஸ்டிக் வந்தது. பாலிமெத்தில் மெத்தக்ரிலேட் என்ற நீளமான பெயரை விட்டுவிடலாம். அக்ரிலிக் என்றால் கடைப்பலகை எழுதுபவருக்கும் தெரியும். 1930-களில் விமானத்தின் முன்கண்ணாடிக்கென்று பிரபலமான அது, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கான்டாக்ட் லென்ஸாகவும் ஆனது. கண்ணாடியைவிடக் கனம் குறைவு, எளிதில் உடையாது. ஆனால் வடிவம் பழையதுதான்: கருவிழியைத் தாண்டி வெள்ளைவிழியில் உட்காரும் பெரிய ஓடு.

அதை மாற்றியது ஒரு விபத்து என்று சொல்வார்கள். லாஸ் ஏஞ்சலஸில் கெவின் டூஹி என்ற கண்ணாடித் தொழில்நுட்பர், 1940-களின் பிற்பாதியில் அக்ரிலிக் ஓடு ஒன்றைக் கடைந்துகொண்டிருந்தபோது வெள்ளைவிழிப் பகுதி தனியாக உடைந்து விழுந்தது. கையில் மிஞ்சியது நடுத்துண்டு மட்டும். அதை எறியாமல், விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கிக் கண்ணில் வைத்துப் பார்த்தார். கண்ணீரின் மேல் அது மிதந்தது; இமைக்கும்போது அசைந்தது; அசையும்போது புதிய கண்ணீர் உள்ளே போனது. 1948-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கடைக்கார அம்மா தட்டிக் காட்டிய கெட்டி லென்ஸின் முன்னோர் இதுதான்.

அக்ரிலிக்கின் இன்னொரு கிளை மதுரை வரை வந்தது. 1940 ஆகஸ்டில் கோர்டன் கிளீவர் என்ற பிரிட்டிஷ் விமானியின் கண்ணில் விமானி அறை மூடியின் அக்ரிலிக் சிதறல்கள் பாய்ந்தன. அவை ஆண்டுக்கணக்கில் உள்ளேயே இருந்தும் கண் சிவக்கவில்லை என்பதை மருத்துவர் ஹரோல்ட் ரிட்லி கவனித்தார். அதைக் கொண்டு 1949 நவம்பரில் லண்டனில், கண்புரை எடுத்த கண்ணுக்குள் அக்ரிலிக் வில்லையைப் பொருத்தினார். அதே பொருளில், அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் 1992 முதல் மதுரையில் வில்லை செய்யத் தொடங்கியது. வெளிநாட்டில் நூறு டாலர் அளவில் விற்றதைப் பத்து டாலருக்கும் குறைவாகக் கொண்டுவந்தது. நம் தாத்தா பாட்டிகள் பலர் இன்று கண்ணுக்குள் வைத்திருக்கும் 'லென்ஸ்' கான்டாக்ட் லென்ஸுக்கு ஒன்றுவிட்ட சகோதரம்.

டூஹியின் லென்ஸில் ஒரு குறை: அக்ரிலிக் வழியே ஆக்சிஜன் அநேகமாகப் போகவே போகாது. பழகுவதற்கு வாரக்கணக்கில் உறுத்தலைப் பொறுக்க வேண்டும். தீர்வு ஓர் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. அந்த வழியில் பாட்டாவும் நிற்கிறது.

பாட்டா என்றால் நமக்குப் பள்ளிக்கூட ஷூ. பலர் அதை இந்தியக் கம்பெனி என்றே நினைக்கிறார்கள். அது செக்கோஸ்லோவாக்கியாவின் ஸ்லின் நகரத்தது. 1939-ல் நாஜிகள் செக் பல்கலைக்கழகங்களை மூடியபோது, ஓட்டோ விக்டெர்லே என்ற இளம் வேதியியலாளர் வேலைக்குப் போன இடம் ஸ்லினின் பாட்டா ஆய்வுக்கூடம். அங்கே 1941-ல் நைலானுக்கு இணையான 'சிலோன்' என்ற பாலிஅமைடு இழையைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டு நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ அவரைச் சிறையில் தள்ளியது. போருக்குப்பின் பிராக் திரும்பினார்.

1952-ல் ஓலோமோட்ஸிலிருந்து பிராக் போகும் ரயிலில், பக்கத்தில் இருந்தவர் கண்ணுக்குள் பொருத்தும் டான்டலம் உலோகத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார். உலோகம் எதற்கு, உடம்போடு ஒத்துப்போகும் பிளாஸ்டிக்கை உருவாக்கலாமே என்று விக்டெர்லே பேச்சுக் கொடுத்தார். அந்தப் பேச்சிலிருந்து அவரும் த்ராஹோஸ்லாவ் லீமும் சேர்ந்து 'ஹீமா' என்ற ஜெல்லைக் கொண்டுவந்தார்கள். காய்ந்திருந்தால் அக்ரிலிக் போலக் கெட்டி. நீரில் ஊறினால் எடையில் ஏறக்குறைய 38 சதவீதம் தண்ணீரை வாங்கி மெத்தென்றாகும். கரையாது, கலங்காது. 1960-ல் 'நேச்சர்' இதழில் இருவரும் எழுதினார்கள். ஹெர்ஷலின் ஜெல்லி வந்துவிட்டது.

ஆனால் லென்ஸாக வார்க்கும்போது விளிம்பு கிழிந்தது. பலிக்காத வேலை என்று மேலிடத்தில் ஆய்வை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில், வீட்டுச் சமையலறை மேஜையில், விக்டெர்லே பிள்ளைகளின் 'மெர்க்கூர்' விளையாட்டுச் சாமானை எடுத்துவைத்தார். ஓட்டை போட்ட உலோகப் பட்டைகளை ஸ்க்ரூ முடுக்கிப் பாலம், கிரேன் எல்லாம் செய்வோமே, மெக்கானோ மாதிரி, அதுதான். மகனின் சைக்கிள் டைனமோ மோட்டார் ஆனது. அழைப்பு மணியின் டிரான்ஸ்ஃபார்மர் மின்சாரம் கொடுத்தது. சுழலும் சிறு கிண்ணங்களில் திரவத்தை விட்டார். வேகமாகச் சுழலும் தண்ணீரில் நடுவில் குழி விழும் அல்லவா? அந்தக் குழியே லென்ஸின் உள்வளைவு. வேகத்தை மாற்றினால் பவர் மாறும். கிறிஸ்துமஸ் பிற்பகலில் நான்கு லென்ஸ் வந்தன, விளிம்பு வழவழவென்று. 1962-ன் முதல் நான்கு மாதங்களில் வீட்டுக் கருவியிலேயே 5,500 லென்ஸ் தயாராகிவிட்டன. மனைவி லிண்டாவும் கூட இருந்து வேலை செய்தார்.

அடுத்து வியாபாரிகள். 1965-ல் அமெரிக்காவின் நேஷனல் பேட்டன்ட் டெவலப்மென்ட் நிறுவனம் 3,30,000 டாலருக்கு உரிமையை வாங்கியது. பாஷ் அண்ட் லாம்புக்குக் கைமாற்றியது. அந்த பாஷும் 1853-ல் ராசெஸ்டர் நகரில் சிறு கண்ணாடிக் கடையாகத் தொடங்கியதுதான். 1971 மார்ச்சில் அமெரிக்க அனுமதி கிடைத்ததும் மென்லென்ஸ் உலகச் சந்தையானது. போட்டிக் கம்பெனிகளும் காப்புரிமை வழக்குகளும் பின்னாலேயே வந்தன. அதிலிருந்து விக்டெர்லேவுக்குக் கிடைத்தது மிகச் சொற்பம். 1968-ல் நாட்டில் எழுந்த சீர்திருத்தக் குரலோடு நின்றதற்காக, பிராக் ஆய்வு நிறுவனத்தில் அவர் வகித்த இயக்குநர் பதவியும் போனது. 1990-ல், ஆட்சி மாறியபின், செக்கோஸ்லோவாக்கிய அறிவியல் கழகத்தின் தலைவராக்கி அவரை அழைத்துவந்தார்கள். இது எனக்கு ஆறவில்லை. கோடிக்கணக்கானோர் கண்ணில் போடும் ஒரு பொருளை உருவாக்கியவருக்கு அது மிகத் தாமதமான மரியாதை.

இங்கே மீஞ்சூருக்கு ஒரு நடை வரவேண்டும். விக்டெர்லே தண்ணீரைப் பிடித்துவைக்கும் பாலிமரைத் தேடிய அதே ஆண்டுகளில், லாஸ் ஏஞ்சலஸில் சிட்னி லோப் என்பவரும் இந்தியாவில் பிறந்த ஸ்ரீனிவாச சௌரிராஜனும் உப்பை நிறுத்திவிட்டுத் தண்ணீரை மட்டும் விடும் சவ்வைச் செய்துகொண்டிருந்தார்கள். ஆர்.ஓ. என்று நாம் தினமும் சொல்வது அதைத்தான். மீஞ்சூர் நிலத்தடி நீரில் 1960-களின் இறுதியிலிருந்தே கடல் புகுந்துவிட்டது. சென்னைக்காக உறிஞ்சியதன் விளைவு. அந்தச் சென்னைக்கே இப்போது காட்டுப்பள்ளிக் கரையில், 2010 முதல், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் வரை குடிநீர் எடுக்கிறார்கள். இன்றைய கடல்நீர் ஆலைகளில் பெரும்பாலும் இருப்பது பாலிஅமைடு சவ்வு: விக்டெர்லேயின் சிலோனுக்குப் பங்காளி.

"அப்போ ஆர்.ஓ. கேன் தண்ணியில லென்ஸ கழுவலாமா?" என்று அண்ணன் மகள் கேட்டாள். அவளுக்கு அது நியாயமான கேள்வி. வீட்டு போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு.

"கூடவே கூடாது" என்றார் அந்த அம்மா, குரலை உயர்த்தி.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. மென்லென்ஸ் பரவிய 1980-களின் நடுவில், அமெரிக்காவில் அகந்தமீபா என்ற நுண்ணுயிரால் கருவிழி புண்ணாகும் நோய் திடீரெனக் கூடியது. விசாரித்தபோது பலர் காய்ச்சி வடித்த நீரில் உப்பு மாத்திரையைப் போட்டு வீட்டிலேயே லென்ஸ் கரைசல் தயாரித்திருந்தது தெரிந்தது. பார்க்கச் சுத்தமான நீர். குடித்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் ஜெல்லில் ஒட்டிக்கொண்டு கருவிழியின்மேல் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் அந்த உயிரி கண்ணைத் தின்றுவிடும். மருந்துக்கும் எளிதில் மசியாது. குழாய் நீர், கிணற்று நீர், கேன் நீர், நீச்சல்குளம் எல்லாவற்றுக்கும் ஒரே விதி. கைகழுவினால்கூட ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் லென்ஸைத் தொட வேண்டும்.

இந்தக் கழுவும் தொல்லைதான் எறியும் லென்ஸுக்கு வழிவிட்டது. டென்மார்க்கில் மைக்கேல் பே என்ற கண் மருத்துவர், ஈரமாகவே வார்த்து மலிவாகப் பொட்டலம் போடும் முறையை 1980-களின் தொடக்கத்தில் கொண்டுவந்தார். ஜான்சன் அண்ட் ஜான்சனின் வேறொரு கிளையில் வேலை செய்த ஒருவர் காதில் அது விழுந்து, அவர் தகவல் கொடுக்க, உரிமை ஃபுளோரிடாவிலிருந்த அந்தக் கம்பெனியின் லென்ஸ் பிரிவுக்குப் போனது. 1987-ல் 'அக்யுவ்யூ' என்ற எறியும் லென்ஸ் வந்தது. 1990-களில் தினசரி லென்ஸ் வந்தது. ஸ்காட்லாந்தில் ரான் ஹாமில்டன் என்பவரும் அதற்குத் தனியாக ஒரு வழி கண்டிருந்தார். ஒரு ஜோடியை ஆண்டுக்கணக்கில் பாதுகாத்தவர்கள் ஒரு நாளோடு எறியத் தொடங்கினார்கள்.

ஆக்சிஜன் பிரச்சினையும் இதற்கிடையே இரு பக்கமும் தீர்ந்துவந்தது. கெட்டி லென்ஸில் 1970-களில் சிலிக்கோனைக் கலந்து காற்று போகும்படி செய்தார்கள். மென்லென்ஸில் அது லேசாக இல்லை. சிலிக்கோன் தண்ணீரை வெறுக்கும், ஜெல் தண்ணீரால் வாழும். இரண்டையும் ஒரே வில்லையில் சேர்த்து விற்பனைக்குக் கொண்டுவர 1999 வரை ஆனது. எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று 1984-ல் அளந்து சொன்னவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவின் பிரையன் ஹோல்டன். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையின் ஆப்டோமெட்ரி கல்விக்கூடம் இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. காற்று தாராளமாகப் போகிறதே என்று இந்த லென்ஸோடு தூங்குபவர்கள் உண்டு. மூச்சுத் திணறல் குறைந்தது உண்மை; தூங்கினால் கிருமி தாக்கும் ஆபத்து அப்படியேதான் இருக்கிறது.

ஸ்கிளீரல் லென்ஸைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மனம் கேட்காது. டூஹியின் சின்ன லென்ஸ் வந்ததும் பழைய பெரிய ஓட்டை உலகம் கைவிட்டது. 1983-ல் ஆஸ்திரேலியாவின் டொனால்ட் எசக்கியேல் காற்றுபோகும் பிளாஸ்டிக்கில் அதை மறுபடி செய்து காட்டினார். பாஸ்டனில் பெர்ரி ரோசந்தால் அதை நோயாளிகளுக்கான சிகிச்சையாகவே வளர்த்தார். மாத்திரை ஒவ்வாமையால் ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய் வந்து, கண்ணீரே வற்றி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் தவிப்பவர்களுக்கு நுங்கம்பாக்கம் சங்கர நேத்ராலயாவில் இன்று இதைப் பொருத்துகிறார்கள். லென்ஸைக் கிண்ணம்போல் ஏந்தி, மருந்துக்கடை உப்புநீரை விளிம்புவரை நிரப்பி, தலையைக் குனிந்து மாட்டுகிறார்கள். அந்த நீர் நாள் முழுக்கக் கருவிழியை நனைத்துக்கொண்டிருக்கும். தெக்கார்த்தின் நீர்க்குழாயும், வீஸ்பாடன் கைவினைக்காரர்கள் இமையிழந்தவருக்கு ஊதிய ஓடும், அவுகுஸ்ட் முல்லர் குனிந்து மாட்டிய விதமும் எல்லாம் அதில் இருக்கின்றன. கூம்பிய கருவிழிக்கும் இதுவோ கெட்டி லென்ஸோதான் தெளிவான பார்வை தரும். மெத்தென்ற லென்ஸ் கூம்பின்மேல் படிந்து அதே கோணலைக் காட்டும்.

இப்படிக் கெட்டி லென்ஸைக் கூர்மையான பார்வைக்காகப் பலர் விரும்பினாலும், அண்ணன் மகளுக்கு அது ஒத்துவராது என்று அந்த அம்மா ஒதுக்கிவைத்தார். அத்திப்பட்டு, வல்லூர் பக்கத்து நிலக்கரிப் புழுதியும் லாரித் தூசியும் பட்டால், கருவிழியைவிடச் சிறிய லென்ஸின் அடியில் துகள் புகுந்துவிடும். நடுரோட்டில் கண் திறக்க முடியாது. மென்லென்ஸ் கருவிழியை முழுக்க மூடி, அதைத் தாண்டியும் உட்காரும்.

வேலை இடத்தைப் பற்றி இவளுக்கு ஒரு பயம். வெல்டிங் வெளிச்சத்தில் லென்ஸ் கண்ணோடு ஒட்டிக்கொள்ளும் என்று தோழி சொல்லியிருக்கிறாள். அது 1967-லிருந்து உலகம் சுற்றும் வதந்தி. பால்டிமோரில் ஒரு வெல்டர் விபத்துக்குப் பிறகும் பதினேழு, பதினெட்டு மணி நேரம் லென்ஸைக் கழற்றாமல் இருந்ததால் கருவிழி புண்ணானது, பிறகு ஆறியும்விட்டது. லென்ஸ் உருகவில்லை. ரசாயனம் புழங்கும் இடத்தில் லென்ஸே கூடாது என்று 1978-ல் சொன்ன அமெரிக்கத் தொழில்நலத் துறையினர், 2005-ல் அதைத் திருத்தி, பாதுகாப்புக் கண்ணாடியும் சேர்த்துப் போட்டால் அனுமதிக்கலாம் என்றார்கள். லென்ஸ் பாதுகாப்புக் கண்ணாடிக்கு மாற்று ஆகாது. ரசாயனம் தெறித்தால் உடனே தண்ணீரால் கண்ணைக் கழுவத் தொடங்க வேண்டும். லென்ஸைக் கழற்றுவதற்காகக் கழுவுவதைத் தள்ளிப்போடக் கூடாது. அந்த அவசரத்துக்கு மட்டும் தண்ணீர் விதி பொருந்தாது.

சிலிண்டருக்கு 'டோரிக்' எடுத்தார்கள். அதற்கு ஒரு திசை உண்டு, கண்ணில் சுழலக் கூடாது. அதனால் கீழ்ப்பக்கத்தைச் சற்றுத் தடிமனாக்கி வைத்திருக்கிறார்கள். தர்பூசணி விதையை இரு விரலால் அழுத்தினால் வழுக்கி ஒரு பக்கமாக ஓடுமே, அதுபோல ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இமை மெல்லிய பக்கத்தை அழுத்தி, தடித்த பக்கத்தைக் கீழே தள்ளிவிடுகிறது. கல்யாண மேக்கப்பில் சாம்பல், பச்சை என்று போடும் வண்ண லென்ஸையும் காட்டச் சொன்னாள். பவர் இல்லாவிட்டாலும் அதுவும் கருவிழியை மூடும் லென்ஸ்தான், அளவெடுக்காமல் போடக்கூடாது, ஒருவர் போட்டதை இன்னொருவர் போடவே கூடாது என்று சொல்லிவிட்டு அந்த அம்மா பெட்டியை மூடினார்.

கடைசியில் தினசரி லென்ஸ். மாத லென்ஸைவிடச் செலவு அதிகம்தான். ஆனால் டப்பா, கரைசல், தேய்த்துக் கழுவுவது எதுவும் வேண்டாம். ஷிஃப்ட் முடிந்து இரவு பதினொரு மணிக்கு வீடு வருபவளுக்கு அது பெரிய விஷயம். மாத்திரை அட்டை போன்ற படலத்தைப் பிரித்ததும், லேசான நீலம் பூசிய ஒரு சொட்டு போல அவள் விரல்நுனியில் அது உட்கார்ந்தது. "பக்கவாட்டுல பாரு. கிண்ணம் மாதிரி விளிம்பு மேல நின்னா சரி. தட்டு மாதிரி வெளிய விரிஞ்சா உள்பக்கம் வெளிய வந்திருக்கு" என்றார் அந்த அம்மா. முதல் மூன்று தடவையும் இமை மூடிக்கொண்டது. நான்காவது தடவை உட்கார்ந்துவிட்டது. ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்து எதிர்ச்சுவரைப் பார்த்தாள். பல்லி ஒன்று இருந்தது. "சித்தப்பா, அதோட விரல்லாம் தெரியுது" என்றாள்.

கழற்றுவதையும் பழகினாள். கையில் சுருண்டிருந்ததைக் கழுவுதொட்டியில் விடப் போனவளை அந்த அம்மா தடுத்தார். அமெரிக்காவில் 2018-ல் கேட்டுப் பார்த்தபோது, லென்ஸ் போடுபவர்களில் 15 முதல் 20 சதவீதம் பேர் அதைத் தொட்டியிலோ கழிவறையிலோ விடுவதாகச் சொன்னார்கள். அது கரையாது, துண்டு துண்டாகிக் கழிவுநீரில் தங்கும். மீஞ்சூரில் சாக்கடைக்குப் போனது கொசஸ்தலையாற்றைச் சேரும், ஆறு எண்ணூர் கழிமுகத்தில் கடலுக்குள் போகும், அந்தக் கடலிலிருந்துதான் காட்டுப்பள்ளிக் குழாய் நீரை இழுக்கிறது.

"அப்போ இத எங்கக்கா போடறது?"

"அட்டையிலேயே வச்சு மூடி, தனியா சேர்த்து வை. இதோட முப்பது அட்டை சேர்ந்ததும் எங்கிட்டயே கொண்டாந்து குடு" என்று மேஜைக்கு அடியிலிருந்த ஒரு பிஸ்கட் டின்னைக் காட்டினார். பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது.